செயின் வீலில் சிக்கனம், காக்கில் கவனம்

(நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், டிராக் சைக்கிள் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்காக நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், பார்க்கிங் எல்லாம் முடிந்து கடைசியாக என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் பசிக்கிற நேரம். ஆனாலும் இது பிள்ளைகளின் பாதுகாப்பும் பெற்றோரின் பர்ஸும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “கோச் வேற பல்லு போட்டுக்கிட்டு வரச் சொல்றார். எங்க சல்லிசா கிடைக்கும்?” ஒருவர் ஆன்லைன் லிங்க் போடுகிறார். இன்னொருவர், “நம்ம சைக்கிள் கடை அண்ணன் வெல்டு வெச்சே கொடுத்திடுவார்” என்கிறார். அந்த இரண்டாவது பதிலைப் பார்த்த பிறகுதான் இதைப் பேசியே ஆக வேண்டும் என்று செயலாளரிடம் நேரம் கேட்டேன்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். முன்னால் இருக்கும் செயின் வீலில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். பின்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்திலும் அதைப் பூட்டும் வளையத்திலும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். ஏன் என்று விளக்குகிறேன். மிச்சம் பிடிக்கும் வழிகளையும் சொல்கிறேன்.

நமக்குப் பக்கத்தில் ஒரு டிராக்

பெரியவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஒரகடத்திலிருந்து வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பை வழியாக வண்டலூர் போய், அங்கிருந்து கேளம்பாக்கம் சாலையில் போனால் மேலக்கோட்டையூர் வரும். அங்கே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய சாய்தளப் பாதை உண்டு. வெலோட்ரோம் என்பார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் டிராக் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆசை.

ஆசையில் தப்பே இல்லை. 2019ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் ஓடர் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் டீம் ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கியது நம் நாட்டுப் பையன்கள். அந்தமானின் ஈசோ ஆல்பன், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங். பெரிய நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

டிராக் சைக்கிளில் கியர் கிடையாது, பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக் என்று சத்தம் வரும், வண்டி தானாக ஓடும். டிராக் சைக்கிளில் சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெடலைக் காலால் பின்னுக்கு அழுத்த வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

கியர் இல்லாததால், ஒவ்வொரு பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் எவ்வளவு பளு வேண்டும் என்பதைப் பல் எண்ணிக்கையை மாற்றித்தான் தீர்மானிக்கிறார்கள். முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் மூன்று சுற்று சுற்றும். டிராக் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஆக ஒரு மிதிக்குச் சுமார் 6.3 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு 37 கிலோமீட்டருக்கு மேல். இதைவிட இலேசாக வேண்டுமென்றால் ஒரு பல் ஜோடி, கனமாக வேண்டுமென்றால் இன்னொரு ஜோடி. கோச் “பல்லு மாத்து” என்பது இதைத்தான். பெற்றோருக்கு இங்கேதான் செலவு தொடங்குகிறது. பிள்ளை வளர வளர, கால் பலம் கூடக் கூட, இது மாறிக்கொண்டே இருக்கும்.

வாங்குவதற்கு முன் தெரிய வேண்டிய மூன்று அளவுகள்

நம்மில் பாதிப் பேர் ஷாப் ஃப்ளோரில் இருப்பவர்கள். ட்ராயிங் பார்க்காமல் பார்ட் வாங்குவீர்களா? இதற்கும் அப்படித்தான். மூன்று அளவு தெரிந்தால் தவறான பொருள் வீட்டுக்கு வராது.

முதலாவது, செயினின் அகலம். எல்லா சைக்கிள் செயினுக்கும் பிட்ச் ஒன்றுதான். அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அகலம்தான் இரண்டு வகை. டிராக் சைக்கிளுக்கும் நம் பழைய ஒற்றை கியர் சைக்கிளுக்கும் 1/8 அங்குலம். கியர் சைக்கிளின் பற்களுக்கு 3/32 அங்குலம், அதாவது கொஞ்சம் ஒல்லி. 1/8 செயின் ஒல்லிப் பல் மேலும் ஓடும். ஒல்லிச் செயின் தடித்த பல் மேல் உட்காராது. ஆகவே செயினை எப்போதும் 1/8 வாங்குங்கள். அப்போது பழைய கியர் சைக்கிளிலிருந்து கழற்றிய நல்ல செயின் வீல் கிடைத்தாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, செயின் வீலின் போல்ட் வட்டம். கிராங்கின் ஐந்து கைகளில் போல்ட் போடும் துளைகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். நம் ஆட்கள் பி.சி.டி. என்று சொல்லும் அதே கணக்குதான். டிராக்குக்கென்று செய்த கிராங்குகளில் பெரும்பாலும் 144 மில்லிமீட்டர். சாலைப் பந்தய சைக்கிள்களிலும் பல ஃபிக்ஸி வண்டிகளிலும் 130. இன்னும் சிலவற்றில் 110. வீட்டில் அளக்க எளிய வழி: பக்கத்துப் பக்கத்து இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து பாருங்கள். 84.6 மில்லிமீட்டர் வந்தால் 144. 76.4 வந்தால் 130. 64.7 வந்தால் 110. வெர்னியர் இல்லாத வீடு நம் வளாகத்தில் அபூர்வம். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்றாவது, பின்னால் இருக்கும் ஹப்பின் மரை. பின் பல்சக்கரத்தைப் பயிற்சியாளர்கள் ‘காக்’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். காக் ஏறும் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. அதற்கு வெளியே ஒரு படி இறங்கி, கொஞ்சம் சின்ன விட்டத்தில், 1.29 அங்குலத்தில், இடது கை மரை இருக்கும். அது லாக் ரிங்குக்கு. இந்த இரண்டாவது படி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே ஒரு மரை மட்டும் இருந்தால் அது ஃப்ரீவீல் ஹப். கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அதில் காக் போட வேண்டாம்.

முன்னால் மிச்சம் பிடிப்பது எப்படி?

செயின் வீல் என்பது என்ன? ஒரு தட்டையான தகடு, சுற்றிப் பல், நடுவில் ஐந்து துளை. மரை கிடையாது. அது கழன்று போக வேண்டுமென்றால் ஐந்து போல்ட்டும் கழல வேண்டும். தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடும். திடீரென்று ஆளைத் தூக்கிப் போடுவது அரிது. அதனால் சிக்கனத்துக்கு ஏற்ற இடம் இதுதான்.

ஜப்பானின் சுகினோ போன்ற பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். ஜப்பானில் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் பொது மக்கள் பணம் கட்டிப் பந்தயம் வைப்பார்கள். அதனால் அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் என்.ஜே.எஸ். முத்திரை கட்டாயம். அந்த முத்திரை உள்ள பொருள் அருமையானது. ஆனால் அந்த விலையைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் பயிற்சி சைக்கிளுக்குக் கொடுக்கத் தேவையில்லை. தைவானிலும் நம் நாட்டிலும் செய்த சாதாரண அலுமினியச் செயின் வீல் போதும்.

பழையது வாங்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று. பல் சுறா மீனின் துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கக் கூடாது. கண்ணாடி மேசை மேல் வைத்தால் ஆடக் கூடாது.

மலிவுச் செயின் வீலில் வரும் பெரிய குறை, வட்டம் சரியாக இல்லாமல் போவது. பெடலை மெதுவாகச் சுற்றினால் செயின் ஓரிடத்தில் விறைப்பாகவும் இன்னோரிடத்தில் தொய்வாகவும் வரும். இதற்காக உடனே வேறு வாங்க வேண்டியதில்லை. ஐந்து போல்ட்டையும் கொஞ்சம் இளக்கி, விறைப்பு வரும் இடத்தில் செயின் மேல் மரச் சுத்தியால் இலேசாகத் தட்டி, மறுபடி சுற்றிப் பார்த்து இறுக்கினால் பெரும்பாலும் மையத்துக்கு வந்துவிடும். பத்து நிமிட வேலை.

“நம்ம வெண்டார்கிட்டயே லேசர்ல வெட்டிக்கலாமே” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்த ஒரகடம் பெல்ட்டில் இப்படிக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். முடியும். ஆனால் ஒரு எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளின் 428 செயினுக்கும் பிட்ச் 12.7 மில்லிமீட்டர்தான். அதைப் பார்த்து, பைக் ஸ்ப்ராக்கெட்டின் ட்ராயிங்கையே எடுத்து மெல்லிய தகட்டில் வெட்டிவிடலாம் என்று தோன்றும். 428ன் ரோலர் 8.51 மில்லிமீட்டர். சைக்கிள் செயினின் ரோலர் 7.75. பல்லின் அடிவளைவு வேறு. அந்தப் பல்லில் சைக்கிள் செயின் இறுகி உட்காராமல் ஆடும், சீக்கிரம் தேயும். சைக்கிளுக்கென்று தனியாக வரைந்து, 7075 ரக அலுமினியத்தில், பத்து இருபது பேருக்குச் சேர்த்து வெட்டினால் கட்டுப்படியாகும். ஒன்றே ஒன்று வெட்டுவதற்குக் கடையில் வாங்குவதே மலிவு.

பின்னால் ஏன் கூடாது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெடலைப் பின்னுக்கு அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் பிரேக் எது? காக்கும் லாக் ரிங்கும்தான் பிரேக். பிரேக் ஷூவை சல்லிசாக வாங்குவோமா?

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள பிள்ளை எழுந்து நின்று முழு எடையையும் ஒரு பெடலில் வைக்கிறது. கிராங்கின் நீளம் 165 மில்லிமீட்டர். 48 பல் செயின் வீலின் ஆரம் ஏறக்குறைய 97 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி செயினை இழுக்கும் விசை சுமார் 100 கிலோ. கையால் ஹேண்டிலை இழுத்து மிதித்தால் இன்னும் அதிகம். முன்னோக்கி மிதிக்கும்போது இந்த விசை காக்கை மரையில் மேலும் இறுக்குகிறது, பிரச்சினை இல்லை. பின்னோக்கி அழுத்தும்போது அதே காக் கழலப் பார்க்கிறது. அதைக் கழல விடாமல் பிடிப்பது லாக் ரிங். அது இடது கை மரை என்பதால், காக் கழலத் திரும்பும் திசையில் லாக் ரிங் இறுகும். எவ்வளவு எளிமையான, அழகான யோசனை பாருங்கள். ஆனால் இரண்டு மரையும் சுத்தமாக இருந்தால்தான் இது வேலை செய்யும்.

அங்குலத்துக்கு 24 மரை என்றால் ஒரு மரைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தகட்டில் அச்சடித்து எடுத்த மலிவுக் காக்கின் தடிமன் 3 மில்லிமீட்டர். அதில் பிடிப்பது மூன்றே மூன்று மரை. நல்ல காக்கில் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு கழுத்து இருக்கும். அதையும் சேர்த்து 7 மில்லிமீட்டர் வரும். ஆறு, ஏழு மரை பிடிக்கும். படத்தில் பல்லை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கவாட்டுப் படம் போடாத விற்பனையாளரிடம் காக் வாங்காதீர்கள்.

ஹப்பின் மரை அலுமினியம், காக் எஃகு. மோசமான காக் போனால் தனியாகப் போகாது, ஹப்பின் மரையையும் தின்றுவிட்டுத்தான் போகும். பிறகு ஹப் மாற்றி, ஸ்போக் கோத்து, வீல் கட்ட வேண்டும். மலிவுக் காக்கில் மிச்சமானதைப் போலப் பல மடங்கு செலவு. சாய்தளத்தில் பத்துப் பிள்ளைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டும்போது நடுவில் ஒருவருக்கு மரை போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வெல்டிங் யோசனை. ஃப்ரீவீலுக்குள் இருக்கும் நகங்கள் நகராதபடி வெல்டு வைத்துவிட்டால் அது காக் மாதிரி ஆகிவிடும். பல ஊர்களில் செய்கிறார்கள், உண்மை. ஆனால் அந்த ஃப்ரீவீலை ஹப்பில் பிடித்திருப்பது ஒற்றை வலது கை மரை. லாக் ரிங் கிடையாது. பின்னுக்கு அழுத்தினால் கழலும். கூடவே, வெல்டிங் சூட்டில் எஃகின் கடினத்தன்மையும் போய்விடும். இன்னொரு குறுக்கு வழி, ஃப்ரீவீல் ஹப்பில் காக்கைப் போட்டு, வெளியே வேறொரு வலது கை லாக் ரிங்கை இறுக்கிப் பசை தடவுவது. அதுவும் அப்படித்தான். இரண்டும் கழலும் திசை ஒன்றே. நம் சைக்கிள் கடை அண்ணன் பஞ்சருக்கும் ஓவர்ஹாலுக்கும் கெட்டிக்காரர், அவர் மேல் குறை சொல்லவில்லை. இந்த வேலையை அவரிடம் நாம் கேட்கக் கூடாது என்கிறேன்.

காக் வாங்கும்போது ஷிமானோ டியூரா ஏஸ், இத்தாலியின் மீக்கே, அல்லது உங்கள் கோச் பெயர் சொல்லும் தைவான் காக், ஏதாவது ஒன்று புதிதாக வாங்குங்கள். மீக்கேயில் ஒரு வசதி உண்டு. மரையுள்ள கேரியர் ஒன்று ஹப்பில் நிரந்தரமாக இருக்கும், அதன் மேல் பல்வளையத்தை மட்டும் மாற்றலாம். அடிக்கடி மாற்றுபவர்களுக்கு ஹப்பின் மரை தேயாது. லாக் ரிங் எஃகில் இருக்கட்டும்.

மாட்டும்போது மரையைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள். முதல் மூன்று நான்கு சுற்று கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். முரண்டு பிடித்தால் நிறுத்துங்கள். குறுக்காக ஏறுகிறது என்று அர்த்தம். பிறகு செயின் விப்பால் இறுக்கி, லாக் ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால் இடப்பக்கமாக இறுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்குங்கள். உளி, சுத்தி வேண்டவே வேண்டாம்.

ஐந்தே பொருளில் ஆறு கியர்

இனி செலவைக் குறைக்கும் கணக்கு. ஒவ்வொரு முறை கோச் சொல்லும்போதும் ஒவ்வொன்றாக வாங்கினால் வீட்டில் குவியும். முன்கூட்டியே திட்டமிட்டு இரண்டு செயின் வீல், மூன்று காக் வாங்கினால் ஆறு ஜோடி கிடைக்கும். என் பரிந்துரை முன்னால் 47, 49. பின்னால் 14, 15, 16. ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்:

47க்கு 16: 6.16 மீட்டர்
49க்கு 16: 6.42 மீட்டர்
47க்கு 15: 6.57 மீட்டர்
49க்கு 15: 6.85 மீட்டர்
47க்கு 14: 7.04 மீட்டர்
49க்கு 14: 7.34 மீட்டர்

படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. தொடக்கப் பயிற்சியிலிருந்து மாவட்ட, மாநிலப் பந்தயம் வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது போதும். உலகத் தரப் பந்தயங்களில் இன்று முன்னால் 60 பல்லுக்கு மேல் போடுகிறார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள். முழங்கால் வளர்ந்து முடியட்டும், கோச் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம்.

ஏன் 48 வேண்டாம், 47ம் 49ம்? செயினில் அகலக் கண்ணி, ஒடுக்கக் கண்ணி மாறி மாறி வரும், அதனால் கண்ணிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. பல்லும் இரட்டைப்படையாக இருந்தால் ஒரே பல்லில் எப்போதும் ஒரே வகைக் கண்ணிதான் உட்காரும், தேய்மானம் சமமாக இராது. ஒற்றைப்படை என்றால் மாறி மாறி உட்காரும். செயின் டிரைவ் டிசைன் செய்பவர்களுக்கு இது தெரிந்த விதிதான்.

இன்னொரு லாபம். 47க்கு 14 கூட்டினால் 61 பல். 49க்கு 16 கூட்டினால் 65. வித்தியாசம் நான்கு பல். இதற்குப் பின் சக்கரம் அரை அங்குலம்தான் முன்பின் நகர வேண்டும். டிராக் ஃபிரேமின் பின் காடிக்குள் பெரும்பாலும் இது அடங்கிவிடும். ஆறு ஜோடிக்கும் ஒரே செயின் போதும்.

12, 13 பல் காக் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பல் குறையக் குறைய ஒவ்வொரு பல்லுக்கும் வேலை அதிகம், செயின் கூர்மையாக மடங்குகிறது, சீக்கிரம் தேயும். அன்றாட மாற்றத்துக்கு முடிந்தவரை செயின் வீலை மாற்றுங்கள். ஐந்து போல்ட் வேலை, மரைக்குச் சேதமில்லை.

செயினைக் காப்பாற்றினால் பல் பிழைக்கும்

மூன்று பாகங்களில் விலை குறைந்தது செயின். அது நீண்டுபோனால் பல்லைத் தின்னும். 24 கண்ணியை ஸ்டீல் ஸ்கேலில் அளந்து பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், 304.8 மில்லிமீட்டர். அதில் 1.5 மில்லிமீட்டர் கூடினால் செயினை மாற்றிவிடுங்கள். 3 மில்லிமீட்டர் கூடும் வரை விட்டால் செயின் வீலையும் காக்கையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். மாதம் ஒரு முறை அளப்பது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

செயினுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. அம்பத்தூரில் 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960ல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்தின் கூட்டோடு டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. கோவையில் எல்.ஜி.பி.யின் ரோலான் இருக்கிறது. அந்த அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி. இண்டியானாபொலிஸ் நகரத்தில் தொடங்கிய செயின் கம்பெனி அது. ரைட் சகோதரர்கள் 1903ல் பறக்கவிட்ட விமானத்தில் இருந்தது அவர்கள் செயின். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஆர்தர் நியூபி 1898ல் அந்த ஊரில் ஒரு சைக்கிள் பந்தயப் பாதையே கட்டினார். பிறகு அதே மனிதர் அங்கே புகழ்பெற்ற கார் பந்தயப் பாதையை உருவாக்கிய நால்வரில் ஒருவரானார். தொழிற்சாலை ஊருக்கும் பந்தயப் பாதைக்கும் பழைய சொந்தம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயப் பாதையை வைத்திருக்கும் நமக்கு அது புரியும்.

எங்கே, எப்படி வாங்குவது?

செயின், போல்ட், கிரீஸ், கேபிள் போன்றவற்றுக்குப் பாரிமுனை ரத்தன் பஜார் சைக்கிள் கடைகள் போதும். டிராக் செயின் வீலும் காக்கும் அங்கே கிடைப்பது சிரமம். அவற்றை ஆன்லைனிலோ, பந்தய சைக்கிள் கடைகளில் ஆர்டர் கொடுத்தோ, சீனியர் வீரர்களிடமிருந்தோதான் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தால் பொருளின் விலையோடு கூரியர் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேரும். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் கூரியர் செலவு பகிர்ந்துவிடும். உள்ளூர்க் கடையில் வாங்கினால் பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலையிலேயே பில் போட்டால் ஏன் என்று கேட்கலாம்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். டிராக் சைக்கிளை நம் கேட்டுக்கு வெளியே யாரும் ஓட்டக் கூடாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ், கார் ஏற்றிப்போகும் டிரெய்லர், கண்டெய்னர் லாரி எல்லாம் ஒன்றாக வரும் சாலை இது. பிரேக் இல்லாத சைக்கிளுக்கு இங்கே இடமில்லை. காரில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் பிரேக் உள்ள சைக்கிளில் போக வேண்டும். வளாகத்துக்குள் பார்க்கிங் சரிவிலும் வேண்டாம். செக்யூரிட்டி அண்ணன்களிடமும் இதைச் சொல்லி வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

கடைசியாக, நிர்வாகக் குழு முன் ஒரு யோசனை வைக்கிறேன். காக்கின் மரை அளவு பொதுவானது என்பதால் ஒரு வீட்டுக் காக் இன்னொரு வீட்டு சைக்கிளுக்குப் பொருந்தும். செயின் வீலும் அப்படிப் பொருந்த வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே போல்ட் வட்டத்தில் கிராங்க் வாங்க வேண்டும். இனிமேல் வாங்குபவர்கள் 144 என்று முடிவு செய்துகொள்வோம். டிராக் வீரர்களிடமிருந்து பழையது கிடைப்பதும் அந்த அளவில்தான் சுலபம். ஏற்கெனவே 130 வைத்திருப்பவர்கள் அப்படியே ஓட்டலாம், மாற்ற வேண்டாம். செயின் எல்லோருக்கும் 1/8.

இப்படி அளவு ஒன்றாகிவிட்டால் கிளப் ஹவுஸில் ஒரு பொதுப் பெட்டி வைக்கலாம். ஒரு செயின் விப், ஒரு லாக் ரிங் ஸ்பேனர், ஒரு செயின் கட்டர், ஒரு ஸ்டீல் ஸ்கேல். கூடவே 45லிருந்து 51 வரை சில செயின் வீல்கள். பிள்ளைக்குப் பெரிதாகத் தேவைப்படும்போது பழையதைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும். நூலகப் புத்தகம் மாதிரி நோட்டில் எழுதி வைத்தால் போதும். காக்கும் லாக் ரிங்கும் மட்டும் அவரவர் சொந்தமாக, புதிதாக. கையில் கை மாறிய மரையை நம்ப வேண்டாம்.

வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், இ.எம்.ஐ. எல்லாம் போக மிச்சத்தில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று இரண்டு தடவை சொன்னால் பிள்ளை தானாகவே பயிற்சியை விட்டுவிடும், நம்மிடம் காரணமும் சொல்லாது. ஒரு செயின் வீல் வாங்க முடியாமல் ஒரு பிள்ளை விட்டுவிட வேண்டாம். ஒரு காக்கை மலிவாக வாங்கி ஒரு பிள்ளை விழவும் வேண்டாம். இந்தப் பெட்டி இரண்டையும் தடுக்கும்.

பெட்டிக்கு ஒப்புதல் கிடைத்தால், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் ஹவுஸில் உட்கார்ந்து, யார் சைக்கிள் கொண்டுவந்தாலும் செயினை அளந்து, லாக் ரிங்கைப் பார்த்துக் கொடுக்க நான் தயார். டிராக் சைக்கிளாக இருக்க வேண்டும் என்றில்லை. சாப்பாடு ஆறுகிறது, கேள்விகளைப் பந்தியில் வைத்துக்கொள்வோம்.